மைக் மேலா தப்பு?



“எல்லாரும்தான் கோவிட்டைப் பார்த்தோம். உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?”

கடந்த சில ஆண்டுகளில் இந்தக் கேள்வியை நம் வீடுகளில் கேட்காதவர்கள் குறைவு. கேட்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், கோயிலில் நம்மேல் அக்கறையுள்ள ஓர் ஐயாவாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. எல்லாரும் தாங்கிக்கொண்டதை உன்னால் தாங்க முடியவில்லை என்றால், குறை உன்னிடம்தான் இருக்கிறது என்பதே அந்தத் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு சரியா என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் யோசித்துப் பார்க்கப் போகிறேன். ஒருவருக்கு மனப்பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்து வந்தால் அது யார் குற்றம்? குற்றமே இல்லை என்றால், பொறுப்பு என்று ஒன்றாவது உண்டா? நான் மருத்துவ மாணவன் இல்லை. மின்னியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இருந்தாலும் இந்த விஷயத்தில் என் பாடப் புத்தகம் எனக்குக் கொஞ்சம் உதவியது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்ப்போம். பெருந்தொற்றின் முதல் ஆண்டில் மட்டும் உலகில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு அதிகரித்தன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022 மார்ச் மாதம் அறிவித்தது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் இளைஞர்களும் பெண்களும். நம் நாட்டில் சுகாதார அமைச்சு நடத்தும் தேசிய ஆய்வில், 2019-ஆம் ஆண்டு பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023-இல் அது 4.6 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 10 லட்சம் பேர். நான்கே ஆண்டுகளில் இரண்டு மடங்கு. மலேசியாவில் இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மன உறுதி குறைந்துவிட்டது என்று சொன்னால் நம்ப முடிகிறதா? என்னால் முடியவில்லை.

இரண்டும் ஏன் சேர்ந்து வருகின்றன?

மேலோட்டமாகப் பார்த்தால் பதற்றமும் சோர்வும் எதிரெதிரானவை. பதற்றம் நாளைக்கு என்ன ஆகுமோ என்று துடிக்கும். சோர்வு நாளைக்கு எது நடந்தால் என்ன என்று படுத்துவிடும். ஒன்று உட்கார விடாது, இன்னொன்று எழுந்திருக்க விடாது. அப்படியிருந்தும் இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆளிடம், ஒரே காலத்தில் வருகின்றன.

இதற்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் விளக்கம் காய்ச்சலை வைத்து வந்தது. காய்ச்சலும் இருமலும் வெளியே தெரியும் அறிகுறிகள், உள்ளே ஒரு கிருமி இருக்கிறது, கிருமியைக் கொன்றால் எல்லாம் சரியாகும். மனசுக்கும் அப்படியே என்று நினைத்து, “உள்ளுக்குள்ள என்னதான் பிரச்சினை, அதைச் சொல்லு” என்று நோண்டுகிறோம். ஆனால் மனச்சோர்வுக்கு அப்படி ஒரே ஒரு கிருமியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

2010-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் அஞ்சேலிக் கிரேமர், டென்னி போர்ஸ்பூம் முதலிய ஆய்வாளர்கள் இதை வேறு விதமாகப் பார்க்கலாம் என்றார்கள். அறிகுறிகளுக்குப் பின்னால் ஒரு நோய் ஒளிந்திருக்கத் தேவையில்லை, அறிகுறிகளே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரலாம் என்பது அவர்கள் கருத்து. கவலை தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் உடம்பு சோரும். உடம்பு சோர்ந்தால் வேலை தேங்கும். வேலை தேங்கினால் குற்ற உணர்வு வரும். குற்ற உணர்வு வந்தால் மறுபடியும் கவலை. இந்தச் சுற்றில் எது நோய், எது அறிகுறி? பிரித்துச் சொல்ல முடியாது. மீன் வலையில் ஒரு முடிச்சைப் பிடித்து இழுத்தால் மற்ற முடிச்சுகளும் கூடவே வருவது மாதிரிதான்.

பெருந்தொற்றுக் காலத்தில் பல நாடுகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மருத்துவர்கள் பயன்படுத்தும் இரண்டு கேள்வித்தாள்கள் இருக்கின்றன. மனச்சோர்வுக்கான பி.எச்.கியூ.-9 தாளில் 9 கேள்விகள். தூக்கம், பசி, களைப்பு, ஆர்வமின்மை, தன்மேல் வெறுப்பு, சாவைப் பற்றிய எண்ணம் போன்றவற்றைக் கேட்கும். மனப்பதற்றத்துக்கான ஜி.ஏ.டி.-7 தாளில் 7 கேள்விகள். நிறுத்த முடியாத கவலை, இருப்புக்கொள்ளாமை, எரிச்சல், ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்ற பயம் போன்றவை அதில் வரும். கடந்த இரண்டு வாரங்களில் இவை எத்தனை நாள் இருந்தன என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி போட வேண்டும்.

வழக்கமாகப் புள்ளிகளைக் கூட்டி ஒரு மொத்தம் சொல்வார்கள். இந்த ஆய்வுகளில் கூட்டவில்லை. 16 கேள்விகளையும் 16 முடிச்சுகளாக வைத்து, எது எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று கோடு போட்டுப் பார்த்தார்கள். சோர்வின் முடிச்சுகள் ஒரு கூட்டமாகவும் பதற்றத்தின் முடிச்சுகள் இன்னொரு கூட்டமாகவும் நின்றன. ஆனால் நடுவில் பாலம் போலச் சில அறிகுறிகள் இரண்டு பக்கத்தையும் இணைத்தன. பதற்றத்தில் தொடங்குபவர் அந்தப் பாலத்தைக் கடந்து சோர்வுக்குப் போய்ச் சேரலாம்.

இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். எது பாலம் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறியது. அதோடு, ஒரே ஒரு முறை கேட்டு எடுத்த கணக்கில் இரண்டு அறிகுறிகள் சேர்ந்திருப்பது தெரியுமே தவிர, எது எதை இழுத்தது என்று தெரியாது. ஆகவே இது முடிந்த முடிவு இல்லை. ஆனால் யோசிக்க ஒரு நல்ல வழி.

கோயில் மண்டபத்து ஊளை

திருவிழாவில் மைக் செட் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பேச்சாளர் மைக்கை எடுத்துக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்தவுடன் ‘கீ...’ என்று காதைக் கிழிக்கும் ஒரு சத்தம் வருமே, அதற்குப் பெயர் பின்னூட்டம். மைக்கில் விழுந்த ஒரு சின்னச் சத்தத்தை ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்குகிறது. ஸ்பீக்கர் அதை வெளியே விடுகிறது. அது மறுபடியும் மைக்கில் விழுகிறது. ஒரு சுற்று முடிந்து திரும்பும்போது சத்தம் முன்பைவிடப் பெரிதாக இருந்தால், கண் சிமிட்டும் நேரத்தில் ஊளையாகிவிடும். கொஞ்சம் சிறிதாக இருந்தால் தானாகவே அடங்கிவிடும். கணக்கு இவ்வளவுதான்.

இப்போது கேட்கிறேன். இதில் தப்பு யார் மேல்? மைக் நல்ல மைக். ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் போன மாதம்தான் வாங்கியவை. தனித்தனியாகச் சோதித்தால் ஒன்றிலும் பழுது இருக்காது. ஆனாலும் சத்தம் மண்டபத்தையே அலற வைக்கிறது. முதலில் விழுந்த சத்தம் யாரோ தொண்டையைக் கனைத்ததாகக்கூட இருக்கலாம். அவரைத் தேடிப் பிடித்தாலும் ஊளை நிற்காது.

மைக் செட் அண்ணன்கள் அதையெல்லாம் தேடுவதில்லை. மைக்கைத் திருப்புவார்கள், அல்லது வால்யூமைக் குறைப்பார்கள், அல்லது ஸ்பீக்கரைத் தள்ளி வைப்பார்கள். எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. கைக்கு எட்டிய ஓர் இடத்தில் கொஞ்சம் குறைத்தால் பெரும்பாலும் போதும்.

பெருந்தொற்று என்ன செய்தது?

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அதன் பிறகு நம் மனசுக்குள் இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடந்தன என்பது என் கருத்து.

முதலாவது, உள்ளே விழும் சத்தம் கூடியது. நோய் பயம், சம்பளம் போன பயம், பரீட்சை பயம். நாங்கள் 2020 எஸ்.பி.எம். மாணவர்கள். எங்கள் தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் கவலைப்பட மட்டும் எங்களுக்கு நிறைய நேரம் கிடைத்தது.

இரண்டாவதை நாம் அதிகம் பேசுவதில்லை. சத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த பொருள்கள் எல்லாம் அகற்றப்பட்டன. வெறும் மண்டபத்தில் எதிரொலி அதிகம், ஆட்கள் உட்கார்ந்தால் குறைவு, இல்லையா? சாதாரண நாளில் ராத்திரி ஒரு கவலை வந்தாலும், காலையில் பஸ் பிடிக்க எழுந்தே ஆக வேண்டும். நண்பன் ஒரு மொக்கை ஜோக் சொல்வான். சாயங்காலம் திடலில் பந்து, அப்புறம் மாமாக் கடையில் தே தாரேக். வெள்ளிக்கிழமை கோயில். இவையெல்லாம் வைத்தியம் என்று நமக்குத் தெரியாது, ஆனால் கவலைச் சுற்றை ஒவ்வொரு நாளும் ஏதோ ஓர் இடத்தில் அறுத்துக்கொண்டிருந்தன. தொடக்கத்தில் கடைக்குப் போவதுகூட 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள், வீட்டுக்கு ஒருவர் என்றானது. 2021 தைப்பூசத்தில் பத்துமலையில் காவடிகளே இல்லை. ஆக, சத்தம் கூடியது, மண்டபம் காலியானது. ஊளை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

“எல்லாரும்தான் பார்த்தோம்” என்பதற்கு இதிலேயே பதில் இருக்கிறது. எல்லாரும் பார்த்தது ஒரே நோய்தான், ஆனால் எல்லார் வீடும் ஒரே மண்டபம் இல்லை. மூன்று அறை அடுக்குமாடி வீட்டில் ஏழு பேர் இருந்தவர்களும் உண்டு, தனி அறையில் நல்ல இணைய வசதியோடு இருந்தவர்களும் உண்டு. ஒரே அளவு சத்தம் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி அடங்காது.

ஒரு நண்பன்

என் நண்பன் ஒருவன். பெயர் வேண்டாம். அவன் அப்பா பள்ளி வேன் ஓட்டுபவர். பள்ளிகள் மூடிய பிறகு வருமானம் நின்றது. ராத்திரி அப்பாவும் அம்மாவும் மெதுவான குரலில் வாடகையைப் பற்றிப் பேசுவது இவன் காதில் விழும். தூக்கம் வராது. போனை நோண்டிக்கொண்டு விடியற்காலை நான்கு மணிக்குத் தூங்குவான். எட்டு மணி இணைய வகுப்பைத் தவற விடுவான். பாடங்கள் குவிந்தன. ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுவாரோ என்ற பயத்தில் வகுப்புக்குள் நுழைவதையே நிறுத்தினான். பிறகு எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் பேச்சு இல்லை. “நான் எதுக்கும் லாயக்கு இல்லடா” என்று ஒருமுறை அனுப்பியிருந்தான். அப்புறம் ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பான். மறுபடியும் தூக்கம் வராது.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். அத்தை, “போனை வாங்கி வைங்க, எல்லாம் சரியாயிடும்” என்றார். பெரியப்பா, “இந்த வயசுல நாங்க எஸ்டேட்ல மரம் சீவுனோம். இவன் சோம்பேறி” என்றார். பாட்டி, “போன ஜென்மத்துப் பாவம்” என்றார். யாரும் பொய் சொல்லவில்லை. போன் அந்தச் சுற்றில் ஒரு முடிச்சுதான். அசையாமல் கிடந்ததும் ஒரு முடிச்சுதான். ஆனால் ஒவ்வொருவரும் ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு, வலை முழுவதற்கும் அவனையே குற்றவாளி ஆக்கினார்கள். அந்தத் தீர்ப்புகளும் அவன் காதில் விழுந்தன. குற்ற உணர்வு இன்னும் ஏறியது. சுற்றுக்குள் புதிதாக ஒரு சத்தம் சேர்ந்தது, அவ்வளவுதான் நடந்தது.

2021 நடுப்பகுதியில் வீடுகளில் வெள்ளைக் கொடி கட்டிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். உதவி தேவைப்படுபவர்கள் கெஞ்ச வேண்டாம், வெட்கப்பட வேண்டாம், ஒரு துணியைத் தொங்கவிட்டால் போதும், அக்கம்பக்கத்தார் வருவார்கள் என்று தொடங்கிய இயக்கம். அப்போது அவன் குடியிருப்பில் இருந்த ஓர் அண்ணன் சாமான் பொட்டலம் கட்ட ஆள் தேடினார். “தம்பி, காலையில ஏழரைக்குக் கீழ வா. அரிசி மூட்டையைத் தூக்கணும், என்னால தனியா முடியாது” என்றார். மனசைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் வாரம் இவன் இரண்டு நாள்தான் போனான். போகாத நாள்களைப் பற்றி அண்ணன் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் தினமும் போனான். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் படியேறிப் பொட்டலம் கொடுத்துவிட்டு வந்தால் கால் வலிக்கும், ராத்திரி தூக்கம் வரும்.

கதை இங்கேயே முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. தூக்கம் சரியான பிறகும் தன்மேல் இருந்த வெறுப்பு அவனை விடவில்லை. அந்த அண்ணனே அவனை அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து மருத்துவமனை, ஆலோசனை, சில மாதங்கள் மருந்து. மருந்து என்பது வால்யூமைக் குறைப்பது மாதிரி. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இன்று அவன் வேறொரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். எப்போதாவது பழைய ஊளை எட்டிப் பார்க்கும் என்கிறான். எங்கே தொட வேண்டும் என்று இப்போது அவனுக்குத் தெரியும்.

வினையும் அர்ஜுனனும்

பாட்டி சொன்னதை நான் சிரித்துவிட்டுப் போக விரும்பவில்லை. நம்மில் பலர் அப்படித்தான் நம்புகிறோம். சரி, வினை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் என் முன்னால் ஒருவன் தவிக்கும்போது நான் என்ன செய்கிறேன் என்பதும் என் வினைதானே? அடுத்தவன் கணக்கைப் பார்க்கச் சொல்லி நமக்கு யாரும் நோட்டுப் புத்தகம் தரவில்லை. நம் கையில் இருப்பது நம் கணக்கு மட்டும்.

பகவத் கீதையின் முதல் அத்தியாயத்துக்கு அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். விஷாதம் என்றால் மனத்துயர். அதில் அர்ஜுனனுக்கு உடல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, தோல் எரிகிறது, கையிலிருந்து வில் நழுவுகிறது, மனம் சுழல்கிறது, நடக்கப்போவதெல்லாம் கெட்டதாகவே தெரிகிறது. கடைசியில் தேரில் உட்கார்ந்துவிடுகிறான். பதற்றத்தில் தொடங்கிச் சோர்வில் முடிகிறது. அவனைக் கோழை என்று யாராவது சொல்வோமா?

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் கண்ணன் அவனைக் கண்டிக்கிறார், எழுந்திரு என்கிறார். அர்ஜுனன் எழவில்லை. போரிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு மௌனமாகிறான். அதன் பிறகுதான் அந்த நீண்ட உரையாடல் தொடங்குகிறது. கேள்வி கேட்க விடுகிறார், திரும்பத் திரும்பப் பதில் சொல்கிறார், கடைசி அத்தியாயத்தில் நன்றாக யோசித்து உன் விருப்பப்படி செய் என்று முடிவை அவனிடமே விடுகிறார். கீதையை மருந்துச் சீட்டாக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் “மன உறுதி வேணும்டா” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள், கண்ணனே அந்த ஒரு வரியோடு நிற்கவில்லை என்பதை யோசிக்கலாம்.

அப்படியானால் யாருக்கும் பொறுப்பில்லையா?

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். “எல்லாம் சுற்றுன்னு சொல்லிட்டா, அவனவன் படுத்துக்கிட்டே இருக்கலாமே? யாருக்குமே பொறுப்பு இல்லைன்னு ஆகிடாதா?”

இல்லை என்பேன். குற்றம் வேறு, பொறுப்பு வேறு. குற்றம் பின்னால் திரும்பி, யார் தொடங்கியது என்று கேட்கும். பொறுப்பு, இப்போது யார் கை எங்கே எட்டும் என்று கேட்கும். தவிப்பவருக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் அந்த நேரத்தில் அவர் கை எட்டும் தூரம் மிகக் குறைவு. காலையில் எழுந்து ஜன்னலைத் திறப்பது, ஒரு செய்திக்குப் பதில் போடுவது, கிளினிக்குக்குப் போகச் சம்மதிப்பது, இவ்வளவுதான் முடியும். மனசு சரியான பிறகு வேலை செய்வோம் என்று காத்திருக்காமல், சின்ன வேலையை முதலில் செய்தால் மனசு பின்னால் வரும் என்பதை வைத்து ஒரு சிகிச்சை முறையே இருக்கிறது. அந்தச் சின்ன வேலையை நாம் மதிக்க வேண்டும். மற்ற முடிச்சுகள் நம் பக்கத்தில் இருக்கின்றன. வாடகைக்குத் தவணை தருவது வீட்டுக்காரர் கையில். தாமதமாக வந்த பாடத்தை ஏற்பது ஆசிரியர் கையில். தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது நம் எல்லார் கையிலும் இருக்கிறது.

நம் சட்டமும் இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொண்டது. தற்கொலைக்கு முயன்று உயிர் தப்பியவரை ஓராண்டு வரை சிறையில் போட வழி செய்த தண்டனைச் சட்டப் பிரிவு 309-ஐ, 2023-இல் நாடாளுமன்றம் நீக்கியது. அந்தப் பிரிவு இருந்தவரை, சுற்றின் கடைசி முடிச்சைப் பிடித்து அவரையே குற்றவாளி என்றோம். உதவி கேட்கப் பயந்து எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டார்களோ! சட்டம் மாறிவிட்டது, வீட்டுப் பேச்சு இன்னும் மாறவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. யாராவது சாவைப் பற்றிப் பேசினால், “சும்மா சொல்றான்” என்று விடாதீர்கள். அது நம்மைப் போன்றவர்கள் தனியாகச் சமாளிக்கும் விஷயம் இல்லை. கூடவே இருந்து மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555 இருக்கிறது, பிஃப்ரெண்டர்ஸ் தொண்டர்கள் இருக்கிறார்கள்.

மற்ற நேரத்தில் நாம் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. நம் இளைஞர் பகுதியில் முன்பு ஒழுங்காக வந்து, பெருந்தொற்றுக்குப் பிறகு காணாமல் போன முகங்கள் எத்தனை? ஒரு பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். “ஏன் வர்றதில்ல?” என்று கேட்காதீர்கள், அது விசாரணை. “சனிக்கிழமை மண்டபம் கழுவுறோம், ஆள் பத்தல, ஏழரைக்கு நான் வந்து ஏத்திக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். வராவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் கூப்பிடுங்கள்.